எலி ஜோசியம் சொல்லாத மலர் அக்கா

அக்காவோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு: இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. அவள் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

போன வாரம் திண்டிவனத்திலிருந்து அக்காவின் அண்ணன் போன் செய்தபோது, விழுப்புரத்தில் என் வீட்டில் பாப்பாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். "மலரு போய்ட்டாம்மா. தலைவலின்னு படுத்தா, எழுந்திரிக்கவே இல்ல" என்றார்.

மலர் என் பெரியப்பா மகள். மூளையின் ரத்தக்குழாய்கள் ஆங்காங்கே புடைத்துக் கசியும் நோய் எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. அதே கோளாறை எலிகளில் உண்டாக்கி, ஏன் கசிகிறது என்று தேடியவள் அவள். அது அவள் தலையிலும் இருந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே நோயால் என் அப்பாவுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். ஒருமுறை அக்கா அதைப் பிடுங்கி வீசினாள். "சித்தப்பா இன்னா பூட்டா, சாவி போட்டுத் தெறக்க? ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!" அழுதுகொண்டிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

பிறகொரு நாள் வேலியோரம் ஒரு நுணாக்காயைப் பறித்துக் காட்டினாள். "தலைக்குள்ள இருக்கறது இப்டித்தான். சின்னச் சின்ன அறையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு." அன்றிலிருந்து எனக்கு நுணா மரமே ஆவதில்லை. பாப்பா நுணாக்காயில் ஈர்க்குச்சி செருகித் தேர் செய்து வந்தால் வாங்கி எறிந்துவிடுகிறேன். அழுகிறாள். என்ன காரணம் சொல்வது?

போன பொங்கலுக்கு வந்திருந்தவளிடம் கேட்டேவிட்டேன். "ஒன் எலிங்களப் பாத்து எம் பொண்ணுக்கு வருமா, வராதான்னு சொல்லேன்க்கா."

"கிளி ஜோசியம் தெரியும். எலி ஜோசியம் கேக்கறவ நீதான்டி!" சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஜீன் ரெண்டு ரெண்டா இருக்கும், அப்பாவுது ஒண்ணு, அம்மாவுது ஒண்ணு. எலிக்கு ஒண்ண மட்டும் கெடுத்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆவறதில்ல, ஓடிக்கினு திரியுது. குட்டியிலயே ரத்தக்குழாய்ல ரெண்டையும் எடுத்தாத்தான் கசியுது. மனுஷனுக்கு ஒண்ணு கெட்டிருந்தாலே வரலாம். ஏன் கசியுதுன்னு எலி சொல்லும். யாருக்கு, எப்பன்னு சொல்லாது."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"பாப்பாவ இழுத்துக்கினு ஓடாத. மொதல்ல நீ ரத்தம் குடு. எனக்கு எந்த எடத்துல கெட்டுருக்குன்னு தெரியும். ஒனக்கும் அங்க பாத்தாப் போதும். ஒனக்கு இல்லன்னா, ஒன் வழியா அவளுக்கு வராது. இருந்தா அப்ப பேசிக்கலாம். ஜல்தி முடி."

நான் இன்னும் கொடுக்கவில்லை. பேசிக்கொள்ள இனி அவளும் இல்லை.

இன்று காலை பாப்பா, "அம்மா, தலை வலிக்குது" என்றாள். எங்கே வலிக்கிறது, கண் தெரிகிறதா, கையைத் தூக்கு என்று உலுக்கியிருக்கிறேன். அவள் மிரண்டுபோய், "நீதான் இறுக்கிப் பின்னிட்ட" என்றாள். அவிழ்த்துவிட்டதும் விளையாட ஓடிவிட்டாள்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த வரிசை ஒன்றுதான்: முதலில் நான், பிறகுதான் பாப்பா. அவளுக்கு எந்த ஜீனில், எந்த இடத்தில் கோளாறு என்று உங்களில் யாருக்குத் தெரியும்? நான் எங்கே வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.