கபடிக்காரிக்கு ஒரு கேட் பாஸ்

போன வருடம் ஜூன் மாதம் நடந்தது இது. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், கம்பெனிகளுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுக்கும் யூனிட் ஒன்றில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறேன். என் மகள் வயிற்றுப் பேத்திக்கு அப்போதுதான் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருந்தது. கபடி என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். முதன்முதலாக வீட்டை விட்டுப் போகிற பிள்ளைக்குக் கடையில் எதையாவது வாங்கிக் கொடுக்க எனக்கு மனசில்லை. ரெய்டு போகிற மாதிரி அவளையே மரத்தில் செதுக்கித் தர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

பெட்டி அடித்தது போக மிஞ்சும் பைன் கட்டைகள் மூலையில் குவிந்து கிடக்கும். "வேஸ்ட்டுதானக்கா, எடுத்துக்கோ" என்றார் சூப்பர்வைசர். அவ்வளவுதான், சாப்பாட்டு நேரமெல்லாம் உளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். முதல் பொம்மையின் நீட்டிய கை மளுக்கென்று ஒடிந்தது. கையின் நீளத்துக்கு மரத்தின் ரேகை ஓடினால்தான் நிற்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. வேறு கட்டை தேடி மறுபடி ஆரம்பித்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் சும்மா விடுவார்களா?

"இன்னாக்கா, உன் பேத்திக்கு மூக்கு எங்க கீது?"

பேத்தி கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்து, பழைய புடவைத் துணியில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். பையைத் திறந்து காட்டாமல் எங்கள் கேட்டைத் தாண்ட முடியாது. நைட் டியூட்டிக்கு அப்போதுதான் வந்திருந்த செக்யூரிட்டி, வேலைக்குப் புதிது, ஒடிசாக்காரர். பொம்மையை வெளியே எடுத்து, "பாஸ் எங்கே?" என்றார். துரும்பு வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? வேஸ்ட் கட்டைதானே என்ற நினைப்பில் கேட்டு வாங்கத் தோன்றவே இல்லை. சூப்பர்வைசரோ யார் கல்யாணத்துக்கோ மதியமே கிளம்பியிருந்தார்.

"எம் பேத்திக்கு செஞ்சது சார். காலைல வாலாஜாபாத்துல பஸ் ஏறுது, கொஞ்சம் உடு சார்" என்று கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை. பொம்மையை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்க என்னையே பார்த்தது. திருடி என்று யாரும் சொல்லவில்லைதான், ஆனாலும் உடம்பெல்லாம் கூசிப்போனது. கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்தப் பெயர் வந்தால் அதோடு வேலை காலி. வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன். வெறுங்கையோடு பேத்தி முகத்தைப் பார்க்க முடியாமல், தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் மகளும் பேத்தியும் நானும் மூட்டை முடிச்சோடு நிற்கிறோம். யூனிபார்மோடு பைக்கில் வந்து இறங்குகிறார் அந்தச் செக்யூரிட்டி! பேத்தி எதிரிலேயே விசாரிக்க வந்துவிட்டாரே என்று அவளை மறைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

அவர் தன் துண்டில் சுற்றி எடுத்து வந்த பொம்மையை என்னிடம் நீட்டினார். கூடவே ஒரு கேட் பாஸ். நான் போன பிறகு, மேனேஜர் கார் வெளியே வரும்வரை காத்திருந்து, பொம்மையைக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். டியூட்டி முடிந்ததும் தூங்கக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறார்.

"நேத்து நான் விட்டா, கேமரால தெரியும் அம்மா. அப்புறம் உன்னை திருடி சொல்லும். இப்போ பேப்பர் இருக்கு. தைரியமா குடு."

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யாரு ஆயா இவரு?" என்றாள் பேத்தி.

"என்கூட வேலை செய்றவரும்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேத்தி அதற்குள் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயோ ஆயா, நானே கால தூக்கிகினு நிக்கிற மாதிரி கீது!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அவர் எந்தக் கம்பெனி கேட்டில் நிற்கிறாரோ, எனக்குத் தெரியாது. விடுதிக்கு வருகிறவர்களிடமெல்லாம் "இது எங்க ஆயா செஞ்சது" என்று காட்டுவதாகப் பேத்தி போனில் சொல்லும்போதெல்லாம் மனசு கூசாமல் கேட்டு மகிழ்கிறேனே, அது அந்த மனிதர் எனக்குக் கொடுத்தது.