ஒத்தக்காலுக்குக் கேட்காத விசில்

ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். கடைசி ஆளின் கால் படியில் இருக்கும்போதே இரட்டை விசில் கொடுத்துவிடுவோமோ என்று பணிக்காலம் முழுக்க அவர் பயந்துகொண்டே இருந்தார். அவருடைய பேருந்தில் ஒரு விபத்தும் நடந்ததில்லை. நடக்காத ஒன்றுக்காக எட்டி எட்டிப் பார்த்தே கழுத்து கோணிப்போன மனிதர். கடைசியில் வீடு வந்து சேர்ந்தவை அந்த விசிலும் அந்தப் பயமும்தான்.

கொல்லையில் துவைகல்லின் மேல் தீனித் தட்டை வைத்து ஒற்றை விசில் கொடுப்பார். சிட்டுக்குருவி, புறா, மைனா எல்லாம் இறங்கும். இரட்டை விசில் கொடுத்தால் தட்டை எடுக்கப்போகிறார் என்று அர்த்தம், மொத்தமும் கிளம்பிவிடும்.

"காலமெல்லாம் உங்க பேச்சைக் கேக்காத கூட்டத்தை ஏத்தி எறக்கினீங்க. இதுங்களாவது கேக்குதே," என்பாள் மனைவி.

ஒரு கால் இல்லாத மைனா ஒன்று உண்டு. ஒத்தக்கால் என்று பெயர். அவர் பக்கத்தில் நின்றாலும் அசராமல், எல்லோருக்கும் கடைசியாகத்தான் தின்று முடிக்கும். மற்றவை அங்கேயே சுற்றி நிற்க, அது பறந்து போகும்வரை விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பழைய தொழில் புத்தி.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு வல்லூறு வந்து உட்கார்ந்தது. ஒற்றை விசில் கேட்டதும் பாய்ந்து ஒரு குருவியைத் தூக்கிப் போனது. கண்டக்டர் தானே கூப்பிட்டுக் காவு கொடுத்ததாக நினைத்து, விசிலைத் தொடவே பயந்தார். பறவைகளோ விசிலுக்காகக் காத்து மறைவில்லாத மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வல்லூறுக்கு அது இன்னும் வசதி.

"பசியோட உக்காந்திருக்குங்க. கூப்பிட்டுப் போடுங்க. வல்லூறு வந்தா ரெட்டை விசில் குடுத்துக் கெளப்பிவிடுங்க," என்றாள் மனைவி.

சரியாகத்தான் பட்டது. கூப்பிட்டார், இறங்கின. அவர் கண் தொட்டியை விட்டு நகரவில்லை. வல்லூறு வந்து உட்கார்ந்ததும் ஊதினார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், இரட்டை விசில். எல்லாம் பறந்தன. ஒத்தக்கால் மட்டும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒத்தக்கால் போன பிறகுதான் எப்போதும் இரட்டை விசில் கொடுத்திருக்கிறார். தட்டில் இருக்கும்போது கேட்டால் என்ன செய்வது என்று அதற்கு யார் சொன்னார்கள்?

செருப்பு ஒரு பக்கம் பறக்க ஓடி, துவைகல்லுக்கு மேல் குனிந்து இரண்டு கையையும் விரித்தார். பிடரியில் காற்று அடித்தது. வல்லூறு உரசிக்கொண்டு போய்த் திரும்பத் தொட்டியில் உட்கார்ந்தது. அவர் நெஞ்சுக்குக் கீழே மைனா நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"மைனாவை வெரட்டி விடுங்க," என்று மனைவி வாசற்படியிலிருந்து கத்தினாள்.

"என்னைக் கண்டா அதுக்குப் பயமே இல்லடி," என்றார்.

வேறு வழி தெரியவில்லை. விசிலை அதன் தலைக்கு நேராக வைத்து, உயிரைக் கொடுத்து இரண்டு தடவை ஊதினார். கூடவே தட்டை ஓங்கி அறைந்தார். மைனா அலறிக்கொண்டு தரையோடு தரையாகப் பறந்து வேலிப் புதருக்குள் புகுந்தது. வல்லூறு பாய்ந்தபோது அங்கே முள்தான் இருந்தது.

மறுநாள் வல்லூறு வரவில்லை. ஒற்றை விசிலுக்கு எல்லாம் வந்தன, ஒத்தக்காலும் வந்தது. கண்டக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கென்றே ஊற வைத்த ரொட்டியோடு ஓர் அடி எடுத்து வைத்தார். விசில் வாய்க்கே போகவில்லை. அவரைக் கண்டு முதலில் பறந்தது ஒத்தக்கால்தான்.

"பரவால்லையே, பொழைக்கக் கத்துக்கிச்சு," என்றாள் மனைவி.

"ஆமா," என்றார் கண்டக்டர். ரொட்டி அவர் கையிலேயே இருந்தது.