அடக்கப் புத்தகத்தின் கடைசிக் கட்டம்

வத்தலக்குண்டில் காகிதக் கட்டுகளை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மலையேறிக்கொண்டிருந்தேன். பெருமாள்மலையில் டீ குடிக்க வண்டி நின்றபோது எங்கள் சர்ச்சில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை சூசை போன் செய்தார். "அண்ணே, ஸ்டெல்லா டீச்சர் வெள்ளனே தவறிட்டாங்க. சாயங்காலம் அடக்கம். வெரசா வாங்க" என்றார். கையிலிருந்த டீயைக் குடித்தேனா கொட்டினேனா என்று நினைவில்லை. நாயுடுபுரத்தில் இறங்கும்வரை டிரைவர் மேல் எரிச்சலாக வந்தது. பாவம், அந்த வளைவுகளில் அவர்தான் என்ன செய்வார்.

டீச்சரிடம் படித்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். நான் அவரிடம் படித்தவனில்லை. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. நாயுடுபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டீச்சர் முதன்முதலாக எங்கள் வீட்டுப் படியேறியது இரண்டாயிரத்து ஒன்றில், மக்கள்தொகைக் கணக்கெடுக்க. படிவத்தை நிரப்பி முடித்த பிறகு, அதில் இல்லாத ஒரு கேள்வியை அவராகவே கேட்டார். "உங்களுக்குப் பூர்வீகம் எதுங்கய்யா?" அப்பா தடுமாறிப்போனார். அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே வந்தால் சிலோன்காரன். வெட்கத்தில் பெரியகுளம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லப் பார்த்தார். டீச்சர் விடவில்லை. "தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. அதுவும் பதில்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அப்பாவுக்கு வாய் திறந்துகொண்டது. அவருடைய தாத்தா சந்தியாகு பண்ணையாளாக இருந்தவர். வாலிபத்தில் சிலோனுக்குப் போனார். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர், தாய் பேர் பிரகாசி, களத்தில் நின்றால் கொடைக்கானல் மலை தெரியும் ஊர். அவ்வளவுதான் அப்பாவுக்குத் தெரியும். "சாகுற மட்டும் அவருக்கு ஒரே பேச்சு டீச்சரம்மா. ஊருலேர்ந்து ஒரு சேதி வரல்ல, என்னைய யாரும் தேடல்ல, எனக்காக அழ ஒரு சீவன் இல்லன்னு தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து சொல்லுவாரு. அது மெய்தானான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்" என்றார். எனக்கோ சங்கடம். வேலையாக வந்தவரிடம் இதையெல்லாமா சொல்வது? டீச்சர் பேனாவை மூடிவிட்டு முழுக்கக் கேட்டார்.

பழைய கணக்கெடுப்புத் தாள்களில் பூட்டன் சந்தியாகுவின் பேர் இருக்காதா என்று நான் கேட்டேன். சிரித்துவிட்டார். "நாங்க தலையைத்தான் எண்ணுவோம் தம்பி. எண்ணி முடிச்சா அந்தத் தாளை அழிச்சிருவாங்க. பண்ணையாளு பேரை எழுதிவச்சது பங்குச் சாமியாருங்க மட்டுந்தான்." மலை தெரிகிற தூரத்தில் உள்ள பழைய பங்குக் கோயில்கள் மூன்று என்று விரல் மடக்கினார். சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கம்பளிக் குல்லாவும் பென்சிலுமாக வந்து நின்றார்.

பேனாவைப் பழைய புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே விடமாட்டார். தாளைப் புரட்ட ஒரு போஸ்ட்கார்டு வைத்திருப்பார். அவசரத்துக்குப் பிறந்தவன் நான். "ஜெராக்ஸ் எடுத்துட்டு வீட்டுல வச்சுப் பாக்கலாமே டீச்சர்" என்றேன். "கவுத்துப்போட்டு அமுக்குனா புத்தகத்து முதுகு ஒடிஞ்சிரும். உங்க மிஷினை உங்களோட வச்சுக்கங்க" என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் சனிக்கிழமைதோறும் கீழே இறங்கினோம். மூன்றாவது பங்கில், ஞானஸ்நானப் புத்தகத்தில், ஒரே நாளில் இரண்டு பேர்: சந்தியாகு, லாசர். இரட்டைப் பிள்ளைகள். தாய் பிரகாசி. தகப்பன் பண்ணையாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரக் குடும்பம் அந்தக் கரையான் அரித்த தாளில் உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

வேலை முடிந்தது என்று துள்ளிக்கொண்டு வந்து சொன்னேன். அப்பா சந்தோஷப்பட்டார். ஆனாலும் பிறகு, "பொறந்தது சரி. தேடினாங்களா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தேடியதை எந்தச் சாமியார் எந்தப் புத்தகத்தில் எழுதிவைப்பார்? டீச்சர் மட்டும், "அடக்கப் புத்தகம் ஒண்ணு பாக்காமக் கெடக்கு" என்றார். செத்தவர்களைப் பதிகிற புத்தகம் அது. அதை வேண்டாம் என்று ஒதுக்கியதே நான்தான். பூட்டன் செத்தது சிலோனில், மண் போட்டதும் அங்கே; அவரை இங்கே எவன் பதிந்திருக்கப் போகிறான்? சிலோன் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். "உங்களுக்குச் சோலி இருந்தா நீங்க கடைக்குப் போங்க தம்பி. நான் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டார். ரோஷத்தில் நானும் கூடப் போனேன்.

பூட்டனின் பேர் அதில் இருந்தது. ஆனால் போட்டிருந்தது, அவர் சிலோனில் கல்யாணம் செய்து பிள்ளை பெற்றதற்கெல்லாம் முந்திய வருஷம். வேறு ஆளாக இருக்கும் என்று நான் தாளைத் தள்ளப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்தார். "கடைசிக் கட்டத்தைப் படிக்காம நகரக் கூடாது" என்றார். குறிப்பு எழுதும் அந்தக் கட்டத்தில், வெளிறிப்போன மையில், பொடி எழுத்தில் இருந்ததை அவரே வாய்விட்டுப் படித்தார். "சிலோனுக்குப் போனவன். ஆறு வருஷமாய்ச் சேதி இல்லை. வழியில் பேதியில் இறந்ததாய்க் கேள்வி. உடல் இல்லை. தாய் பிரகாசி அழுது கேட்டபடி பூசை வைத்து மணி அடிக்கப்பட்டது." அப்படியொரு மலைப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் அனுபவித்ததில்லை. ஊரிலிருந்து சேதி வராததற்குக் காரணம் இதுதான். செத்துப்போனவனுக்கு யார் கடுதாசி போடுவார்கள்?

அன்று சாயங்காலம் பென்சிலில் எழுதிவந்த அந்த வரிகளை டீச்சர் அப்பாவுக்குப் படித்துக் காட்டினார். அப்பா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். "மணி அடிச்சாங்களா டீச்சரம்மா?" என்று கேட்டார்.

"அடிச்சிருக்காங்கய்யா. பெத்தவ அழுதிருக்கா."

"ஐயோ, தாத்தாவுக்கு இது தெரியாமப் போச்சே" என்று அப்பா விசும்பினார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தத் தாளைத் தன் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அப்பா போன பிறகு அது என்னிடம் இருக்கிறது.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடக்கம் முடிந்ததும் வெளியூரிலிருந்து வந்த அண்ணன் மகன்கள் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். பங்கு அலுவலகத்தில் சாமியார் அடக்கப் புத்தகத்தைத் திறந்து பேர், வயது, நாள் எல்லாம் எழுதினார். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. "சாமி, அதுல ஒரு வரி எழுதணும்" என்றேன். இப்போதெல்லாம் அங்கே எதுவும் எழுதுவதில்லை என்றார். பூட்டன் கதையைச் சொன்னேன். சாமியார் பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"என்னன்னு எழுத?"

வெளியே மழைத் தூற்றலில் டீச்சரிடம் படித்தவர்கள் இன்னும் கலையாமல் நின்றார்கள். சூசை மணிக்கயிற்றின் பக்கத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளதை எழுதுங்க சாமி. மணி அடிக்கப்பட்டது. நிறையப் பேர் அழுதார்கள்."

சாமியார் எழுதினார்.