பஹ்லா வாசலில் கார்மேகம்

ஒமானில், சோஹார் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், லேபர் கேம்ப்புகள் தொடங்குகிற இடத்தில் என் மளிகைக் கடை இருக்கிறது. பெயர் மீராசா, ஊர் கீழக்கரை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் பீவி அஸ்மத் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. நான் எழுத வந்தது கார்மேகத்தைப் பற்றி.

கார்மேகம் கமுதிப் பக்கத்து ஆள். சாரம் கட்டுகிற வேலை. எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி இரும்புக் குழாய்களை முடுக்கி முடுக்கி மேலே போய்க்கொண்டே இருப்பான். மீசை அரும்பின புதிதில் இங்கே வந்தவன். இப்போது அந்த மீசையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது. தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டான், வீட்டுக்குத் தளம் போட்டுவிட்டான், அவன் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. குறை அவனிடம் இல்லை, லீவில் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவான். பெண் பார்த்து, ஜாதகம் பார்த்து, பெண்ணின் தாய்மாமன் வந்து சம்மதம் சொல்வதற்குள் லீவு முடிந்துவிடும். அடுத்த லீவில் போனால் அதே பெண் இடுப்பில் பிள்ளையோடு எதிரே வருவாள். "அண்ணே, சௌக்கியமா?" என்று வேறு கேட்பாள். பாவி, இவனும் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு வருவான்.

இந்தத் தடவை தரகர் சொன்ன பெண் அகிலா. பரமக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கார்மேகத்தின் போட்டோவை நீட்டியபோது கையால் தொடக்கூட இல்லையாம். அவளுக்கு முன்பு வந்த ஒரு மாப்பிள்ளை, உயரமான கட்டடத்துக்கு முன்னால் நிற்பதுபோல் படம் அனுப்பியிருக்கிறான். கட்டடத்தின் நிழல் ஒரு பக்கம் விழுகிறது, மாப்பிள்ளையின் நிழல் இன்னொரு பக்கம் விழுகிறது. ஜெராக்ஸ் கடைக்காரியிடமே ஒட்டுவேலை காட்டினால் விடுவாளா?

"போட்டோவே வேணாம். ஆளு அங்கன இருந்து இமோல வீடியோ கால்ல வரட்டும், நானே பேசுறேன். பிடிச்சிருந்தா பிடிச்சிருக்குன்னு அப்பவே சொல்லிருவேன். பிடிக்கலேன்னாலும் சொல்லிருவேன்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேசுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை கார்மேகம் கடைக்கு வந்து தக்காளிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு தக்காளியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். நான் முறைத்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"பாய், இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா இனிமே பொண்ணு பாக்குறதா இல்ல. கலாஸ்."

அவன் சும்மா பேசுகிற ஆள் இல்லை. சிகரெட்டை விடுகிறேன் என்று ஒரு நாள் சொன்னான், அன்றோடு விட்டான்.

எங்கே நின்று பேசுவது என்று அன்று ராத்திரி அவன் ரூமில் பெரிய விவாதம், நானும் போயிருந்தேன். ரூமிலேயே பேசினால் அடுக்குக் கட்டிலும் கொடியில் தொங்கும் ஜட்டியும்தான் தெரியும். கூட இருக்கிற பாலகுரு, கிரேன் ஓட்டுகிறவன், கடற்கரைக்குப் போகலாம் என்றான்.

"கடலையும் ஒட்டலாம்டா" என்றேன். சொல்லும்போதே என் மூளையில் பளிச்சென்று ஒன்று தோன்றியது. "ஒட்டுன படத்துக்குள்ள நொழைஞ்சு அந்தப் பக்கம் வர முடியுமா? முடியாதுல்ல? அப்ப ஒரு வாசலுக்குப் போவோம். இவன் அதுக்குள்ள நடந்து போகட்டும், திரும்பி வரட்டும். எந்த ஜெராக்ஸ் கடைக்காரி என்ன சொல்லுவா?"

என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சவில்லை.

எனக்குத் தெரிந்த வாசல் பஹ்லாவில் இருக்கிறது. சோஹாரிலிருந்து மலையைத் தாண்டி உள்ளே போகவேண்டும். ஊரையும் ஈச்சந்தோப்புகளையும் சேர்த்து வளைத்து, பல நூறு வருஷங்களுக்கு முன்னால் மண்ணாலேயே மதில் எழுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு பழைய வாசல், என் கடைக்குப் பேரீச்சம்பழம் வாங்குகிற தோப்புக்குப் போகிற வழியில் இருக்கிறது. சுவர் அத்தனை தடிமன் என்பதால், வாசல் என்று சொன்னாலும் அது ஒரு சின்னக் குகைதான். உள்ளே நுழைந்தால் குளிரும்.

வெள்ளிக்கிழமை காலையில் என் வேனில் கிளம்பினோம். கார்மேகம், பாலகுரு, சோலைமுத்து, நான். சோலைமுத்து பரமக்குடிக்காரன், ரூமிலேயே கல்யாணம் ஆனவன் அவன் ஒருவன்தான். அதனால் தன்னை மாப்பிள்ளைத் தோழன் என்று அவனே நியமித்துக்கொண்டான். ரூமுக்குப் பொதுவான கோட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்தரிப்பூ நிறம். எப்போதோ ரூமை விட்டுப் போன யாரோ விட்டுச்சென்றது. அந்த ரூமில் யார் ஊருக்குப் படம் அனுப்பினாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் அனுப்புவார்கள். ஒருவனுக்குப் பெண் அமைந்ததற்கும், இன்னொருவன் தம்பிக்குக் காலேஜில் இடம் கிடைத்ததற்கும் அந்தக் கோட்டுதான் காரணம் என்பது அவர்கள் நம்பிக்கை.

கார்மேகத்துக்கு அது தொளதொளவென்று இருந்தது. பாலகுரு முதுகுப் பக்கம் துணி கிளிப்புகளை வரிசையாக மாட்டி இறுக்கினான். முன்னாலிருந்து பார்த்தால் கலெக்டர், பின்னாலிருந்து பார்த்தால் மொட்டைமாடிக் கொடி.

"பஹ்லாவுல ஜின்னு இருக்குன்னு சொல்றாங்களே பாய்?" என்று சோலைமுத்து வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அவன் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

"இருந்தா என்ன? அதுக்கும் வெள்ளிக்கிழமை லீவுதான். பேசாம வா."

ஜும்ஆ தொழுதுவிட்டு நான் வாசலுக்கு வந்தபோது, கார்மேகம் அங்கேயும் இங்கேயும் நடந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் கட்டும் கையில் தடியுமாக ஒரு ஒமானிப் பெரியவர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தை எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். பெரியவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். உடனே கார்மேகத்தின் கையைப் பிடித்து "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்திக் குலுக்கினார். இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. வாசலின் நடுவே நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களை எல்லாம் "யல்லா, யல்லா" என்று ஒதுக்க ஆரம்பித்தார். ஒரு ஆட்டையும் ஒதுக்கினார்.

பாலகுருதான் போனைப் பிடித்தான். மணி அடித்ததும் அகிலா எடுத்துவிட்டாள். வட்ட முகம், மூக்குக் கண்ணாடி, பச்சைச் சேலை. கார்மேகம் கும்பிட்டான். தொட்டிக்கு மேலே உச்சியில் நின்று ஒரு கையால் குழாய் வாங்குகிறவன், தரையில் நின்றபடி கும்பிட்ட கையை இறக்கவே மறந்துவிட்டான்.

"நல்லாருக்கீங்களா? இது என்ன எடம்?" என்று கேட்டாள்.

"பஹ்லாங்க. பழைய கோட்டை வாசலுங்க. நெசமான வாசலுங்க. வேணும்னா உள்ள போயி வந்து காட்டுறேங்க."

அவள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"அந்தக் கோட்டு..." என்றாள். "அது எங்க தெரு சீதாலட்சுமி அக்கா வீட்டுல டிவிக்கு மேல மாட்டியிருக்க போட்டோவுல இருக்கே. அவங்க வீட்டுக்காரர் போட்டிருக்காரு."

சீதாலட்சுமியின் வீட்டுக்காரர் அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சோலைமுத்துவை அப்படியே இழுத்து ஓர் அறை விடலாம் என்று இருந்தது. ஒரே தெருவாம்! இத்தனை நாள் வாயில் என்ன வைத்திருந்தான்?

கார்மேகத்தின் முகம் செத்துவிட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிடா என்று நான் கையை ஆட்டினேன். அவன் சமாளிக்கவில்லை.

"ரூம் கோட்டுங்க. எல்லாருக்கும் பொது. என்னோடது இல்லீங்க."

"அப்ப கழட்டுங்க."

அவன் திரும்பி நின்று கழற்றினான். முதுகு கிளிப்புகள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தன. அதோடு போயிற்றா? உள்ளே எதைப் போட்டால் என்ன, கோட்டு மறைத்துவிடும் என்று டியூட்டிச் சட்டையையே போட்டு வந்திருந்தான். மார்பிலும் கையிலும் இருந்த பட்டைகள் வெயில் பட்டுப் பளபளவென்று மின்னின. பெரியவர் "மாஷா அல்லாஹ்" என்றார்.

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள்.

"விடுங்க. நான் கட்டியிருக்கதும் எங்க அண்ணி சேலைதான். சரி, நடங்க. வாசல் நெசமான்னு பாப்போம்."

கார்மேகம் நடந்தான். பாலகுரு அவனுக்கு முன்னால் போனைப் பிடித்தபடி பின்புறமாகவே நடந்தான். பெரியவர் தடியால் வழி காட்டினார். நானும் சோலைமுத்துவும் அந்த ஆடும் பின்னால் போனோம். வாசலின் நடுப்பகுதிக்கு வந்தபோது அகிலா சொன்னாள்: "இந்தாங்க, நான் மொதல்லயே சொன்னதுதான். மனசுல பட்டத அப்பவே சொல்லிருவேன். எனக்கு..."

அத்தோடு நின்றுவிட்டது. பாதி திறந்த வாயோடு அகிலா திரையில் அசையாமல் நின்றாள். அத்தனை தடிமனான மண் சுவருக்குள் சிக்னல் எங்கே வரும்?

"ஜின்னுதான்" என்றான் சோலைமுத்து.

"ஒன் ஜின்னுல இடி விழ! அந்த மூஞ்சியப் பாரு, பிடிச்சிருக்குன்னு சொல்ற வாயா, பிடிக்கலேன்னு சொல்ற வாயா?" என்று கத்தினேன்.

எல்லோரும் போனைச் சுற்றிக் கூடினோம். பிடிச்சிருக்கு என்றுதான் வரப்போகிறது என்றான் பாலகுரு. உதடு குவிந்திருப்பதால் சந்தேகம் என்றான் சோலைமுத்து. பெரியவர் போனை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்து, "ஜைன்" என்றார். நல்லது என்று அர்த்தம். அவர் பார்த்தது அகிலாவையா, போனையா தெரியவில்லை. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. என் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோதுகூட இப்படி அடிக்கவில்லை.

கார்மேகம் எங்கள் பேச்சு எதையும் கேட்கவில்லை. பெரியவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். வாசலைத் தாண்டி ஊருக்குள் ஓடினான். ஈச்சமர வரிசையைத் தாண்டி, ஒரு வாய்க்காலைத் தாவி, போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். நாங்களும் ஓடினோம். நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே நினைவில்லை. பெரியவர் என்னை முந்திக்கொண்டு போனார்.

ஒரு வெட்டவெளியில் நின்றான். போனில் அகிலா அசைந்தாள்.

"எங்க போயிட்டீங்க? நான் பாட்டுக்குத் தனியாப் பேசிக்கிட்டு இருக்கேன்!"

"சொல்லுங்க" என்றான். "எனக்குன்னு சொன்னீங்க. அதுக்கு மேல கேக்கல."

"எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். வீட்டுல நான் சொல்லிக்கிறேன்."

ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. பாலகுருவுக்குக் கேட்டது. சோலைமுத்துவுக்குக் கேட்டது. மூச்சிரைத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? போனின் மேல் மூலையில் சிக்னல் முழுதாக நிறைந்து நின்றது.

கார்மேகம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கேக்கலைங்க" என்றான். "இங்கன சிக்னல் சரியில்ல. இன்னொரு தடவ சொல்லுங்க."

அவள் மறுபடியும் சொன்னாள். அவன் மறுபடியும் கேட்கவில்லை என்றான்.