நகர்ந்தால் வண்டி

மின்விசிறிக் காற்றுக்குத் தாள்கள் பறக்காமல் இருக்க என் மேசையில் ஓர் இரும்புக் கைப்பிடி கிடக்கிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம்; ஒரு முனையில் வளைவு, மறுமுனையில் பிய்ந்துபோன போல்ட்டின் மிச்சம். பேருந்தின் அவசர வழிக் கதவைத் திறப்பதற்கானது. ஆபத்தில் மனிதர்கள் உயிர் பிழைக்க வேண்டுமென்று விதி எழுதிப் பொருத்தவைத்த பொருள். அதே பொருளால் என் பெரிய மச்சானின் மண்டை பிளந்ததைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். தேங்காய் உடைவது போலக் கேட்கும் என்பார்கள். இல்லை. ஈரத் துணியைத் துவைகல்லில் ஒரு தரம் ஓங்கி அடித்தது போலத்தான் கேட்டது.

பெரிய மச்சான் என் மனைவியின் அண்ணன்; சின்ன மச்சான் அவளுடைய தம்பி. இருவருக்கும் செஞ்சியிலிருந்து வல்லம் போகும் வழியில் அடுத்தடுத்த மல்லாட்டைக் கொல்லைகள், அதாவது வேர்க்கடலை நிலங்கள். நடுவில் ஒரு வரப்பு. ஒரு பொங்கலுக்குப் பெரியவர் தம்பியின் முன்பற்கள் இரண்டைத் தட்டினார். மறு பொங்கலுக்குள் தம்பி அண்ணனின் மோட்டார் கொட்டகையைக் கொளுத்தினார். பெற்றதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆனால் ஒன்று: எவ்வளவு ரத்தம் வந்தாலும் காவல் நிலையத்தில் அண்ணன் தம்பியைக் காட்டிக்கொடுக்க மாட்டார், தம்பியும் அண்ணனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்.

பெரியவர் தனியார் பேருந்து ஓட்டுநர். ஓய்வு பெறும்போது, தான் ஓட்டித் தேய்த்த பேருந்தையே முதலாளியிடம் விலைக்கு வாங்கினார். பூர்வீக வீட்டைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மனைவியோடும் மகளோடும் அந்தப் பேருந்தில் குடியிருக்கப் போவதாக என்னிடம் வந்து சொன்னார். "எவன் நெலத்துலயும் கால் வைக்காத வூடு மாப்ள. ஆறு சக்கரத்து மேல. ஒருத்தன் மொறச்சா அடுத்த ஊருக்குப் போயிடுவேன்."

நான் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை காலம் உறங்கும் என்பது எனக்குத் தெரியும். பர்மிட்டை ஒப்படைத்து, உடலமைப்பு மாற்றத்துக்கு வரைபடம் கொடுத்து, வீட்டு வண்டியாக மாற்ற முன் அனுமதி வாங்கித் தந்தேன். இருக்கைகளைப் பெயர்த்தார்கள். பாலிடெக்னிக் முடித்திருந்த மகள் விளக்குக்கும் விசிறிக்கும் ஒயர் இழுத்தாள். கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே வந்தன. அதில் இல்லாத ஒன்றை மச்சானின் மனைவி கேட்டார். "தகரத்து மேல நடந்தா பஸ்ல போற மாதிரியே இருக்குதுண்ணா. வூடுன்னா காலு குளிரணும்."

ஆகவே சிமெண்ட் தரை. செங்கல் பரப்பி, கலவை கொட்டி, சிவப்புச் சாயம் தேய்த்து, சமையலுக்குக் கடப்பா கல் மேடையும் கட்டினார்கள். புதுத் தரை இறுக வேண்டுமென்று பேருந்துக்குள் பாத்தி கட்டி நீர் நிறுத்தியதைக் கண்ட ஒரே அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன். சக்கரத்துக்கு மேலிருந்த வில் பட்டைகள் பாரத்தில் வளைவு நீங்கித் தட்டையாகியிருந்தன. "வரைபடத்துல இது இல்ல மச்சான்" என்றேன். "வரைபடத்துலயா மாப்ள நான் படுக்கப் போறேன்?" என்றார்.

பெரியவரின் கொல்லையில் நிறுத்தியிருந்த பேருந்தின் பின்பாகம் சர்வே கல்லைத் தாண்டித் தம்பியின் நிலத்தில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவரை பேசாமல் இருந்த சின்ன மச்சான் சிமெண்டைக் கண்டதும் என்னிடம் வந்தார். "வண்டின்னா நிக்கட்டும் மாமா. வூடு கட்டினா இடிப்பேன்." நான் தீர்ப்பு சொன்னேன்: நகர்ந்தால் வண்டி, நகராவிட்டால் கட்டடம், ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம். இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்பதால் எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

ஞாயிறு காலை தம்பி பொக்லைன் இயந்திரத்தோடு வந்து நின்றார். அண்ணன் முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு ஏறினார். எஞ்சின் உறுமியது, கரும்புகை ராஜகிரிக் கோட்டை மலையை மறைத்தது. பேருந்து பிரசவ வலி கண்ட எருமை மாதிரி நடுங்கியது. எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது.

"இன்னாண்ணே, வூடு அசையலியே. கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் கூப்ட்டிருக்கலாமில்ல?" என்றார் தம்பி.

பெரியவர் குதித்திறங்கித் தம்பியின் கழுத்தைப் பிடித்தார். பின்பக்கம்வரை தள்ளிக்கொண்டு போய்த் தலையைத் தகரத்தில் மோதினார். இரண்டாம் முறை மோதியபோது தகரம் குழிந்தது. விழாமல் இருக்கத் தம்பி பற்றியது அவசர வழிக் கைப்பிடியை. துருப்பிடித்த போல்ட் பிய்ந்து அது அவர் கையோடு வந்துவிட்டது. முதல் அடி உச்சந்தலையில். இரண்டாவது இடது காதின் மேல். அண்ணன் மல்லாட்டைச் செடிகளின்மேல் முகம்குப்புற விழுந்தார். "இடிடா!" என்று தம்பி கத்த, பொக்லைனின் கை ஒரு வரிசைக் கண்ணாடியைச் சாய்த்தது.

மச்சானின் மனைவி கடப்பாரையோடு வந்தார். கொழுந்தனைக் குத்தப் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். கொழுந்தனும் அப்படித்தான் நினைத்துப் பின்வாங்கினார். அவரோ பேருந்துக்குள் ஏறி, தான் கேட்டு வாங்கிய தரையின் நடுவில் கடப்பாரையை இறக்கினார். மேடைக் கல் இரண்டாயிற்று. "எடுத்து எறிடி!" மகள் சிவப்புக் கட்டிகளை உடைந்த சன்னல்கள் வழியே எறிந்தாள், எங்கே விழுகிறது என்று பார்த்து எறிந்ததாகத் தெரியவில்லை. ஒன்று சித்தப்பாவின் தோளைப் பெயர்த்தது. ஒன்று பொக்லைனின் கண்ணாடியில் இறங்க, ஓட்டுநர் கூலியைக்கூடக் கேட்காமல் ஓடினான். உள்ளே குத்து விழ விழ, பாரம் குறைந்து பட்டைகள் ஒவ்வொரு விரற்கடையாகப் பழைய வளைவுக்கு மீண்டன.

பெரியவர் எழுந்தார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார். அது உடனே சிவந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து கியர் போட்டார். "நைனா, போ!" என்றாள் மகள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. முன்னால் நகர்ந்து காட்டினால் போதும். அவரோ கொல்லையில் ஒரு வட்டமடித்துத் திரும்பி, சர்வே கல்லைச் சாய்த்து, வரப்பின்மேல் ஏறி இறங்கித்தான் சாலைக்குப் போனார். எல்லைக் கல்லைப் பெயர்ப்பது தண்டனைக்குரிய குற்றம். நான் கைதட்டினேன் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

அரசு மருத்துவமனை வாசலில் அந்தப் பேருந்தையே நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். வந்த காவலரிடம், "படியில வழுக்கி வுழுந்துட்டேன்" என்றார். தோளில் கட்டோடு அடுத்த பெஞ்சில் இருந்த தம்பி, "நானும்" என்றார். வழக்கில்லை என்றால் சான்றுப் பொருளும் இல்லை. கொல்லையில் கிடந்ததை நான் எடுத்துவந்தேன்.

அதன்பின் அவர்கள் அந்த வண்டியிலேயே வாழ்ந்தார்கள். பனமலை ஏரிக்கரையில் சில மாதம், தொண்டூரில் சில மாதம். தரை தகரமாகவே இருந்தது. பெரியவருக்கு இடது காது கேட்காது. வலப்பக்கம் உட்கார்ந்துதான் பேச வேண்டும். போன ஆண்டு அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார். அவசர வழிக் கதவு கயிற்றால் கட்டியிருப்பதைப் பார்த்து, கைப்பிடி என்னிடம் இருக்கிறது, மாட்டித் தரட்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "வேணாம்ணா. கயிறே போதும்" என்றார்.

சென்ற மாதம் சின்ன மச்சான் மகனின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். காபி வரும்வரை கை சும்மா இருக்கவில்லை. கைப்பிடியை எடுத்து உருட்டினார், வளைவைத் தடவினார், உள்ளங்கையில் எடை பார்த்தார்.

"நல்ல கனமா இருக்குது மாமா. எங்க வாங்குனீங்க?"

அவர் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. உண்மையாகவே கேட்டார்.

"பழைய இரும்பு" என்றேன்.

தலையாட்டிவிட்டு, பத்திரிகையை மேசையில் விரித்து, பறக்காமல் இருக்க அதன்மேல் அந்தக் கைப்பிடியை வைத்தார்.