மூணு வருஷத்துக்குள்ள அஞ்சு வருஷம் படிச்சவ

கலா போயிட்டா.

மத்தியானம் அவ பொண்ணு போன் பண்ணா. "ஆன்ட்டி, அம்மா..."ன்னு ஆரம்பிச்சு அழுதுட்டா.

உங்கள்ல நிறைய பேருக்கு அவளைத் தெரியாது. பாகூர் கலாவதி. எழுபதுகள்ல என்னோட மெட்ராஸ்ல ஆர்க்கிடெக்சர் படிச்சவ. நான் வில்லியனூர் மளிகைக்கடை வீட்டுப் பொண்ணு, அவ நெல்லும் கரும்பும் போடற வீட்டுப் பொண்ணு. அதுக்கு முன்னாடி பியூசில ஒரே பெஞ்ச்.

சீட் கிடைச்ச அந்தக் கோடை லீவு... பாகூர் ஏரிக்கரை மேல உக்காந்து அஞ்சு வருஷத்துக்கும் ப்ளான் போட்டோம். எந்த வருஷம் என்ன கட்டடம் வரையணும், டூர்னா எந்த ஊர் பாக்கணும்...

ஆர்க்கிடெக்ட்டுன்னா என்ன வேலை செய்வாங்கன்னே எங்களுக்குச் சரியாத் தெரியாது. ஆனா கடைசி வருஷம் தீசிஸ்ல என்ன வரையறதுன்னு அவளுக்கு அன்னிக்கே தெரியும். அந்த ஏரிக்கரையில ஒரு லைப்ரரி. ஜன்னல் எல்லாம் தண்ணியப் பாத்து.

ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்னிக்கு, பஸ் திண்டிவனம் தாண்டினப்புறம் சாதாரணமா சொன்னா. "எங்க நைனா மூணு வருசந்தான்னு சொல்ட்டாருடி. அப்பால கல்யாணம்."

அஞ்சு வருஷப் படிப்புடி, பாதியில நிறுத்தினா டிகிரி கிடையாதுன்னேன்.

"டிகிரி யாருக்கு வேணும்? படிப்புதான் வேணும். அஞ்சையும் மூணுக்குள்ள முடிச்சிக்கிறேன் பாரு."

முடிச்சா!

ஃபைனல் இயர் ஆளுங்களுக்கு தீசிஸ் நேரத்துல ஜூனியர்ஸ் போய் ட்ரேசிங் போட்டுக் கொடுக்கணும், கட்டடத்தைச் சுத்தி மரம் வரையணும். அது எங்க காலேஜ் வழக்கம். நாங்கெல்லாம் ஓடி ஒளிவோம். இவ தேடிப் போவா.

"அண்ணா, மரம் பூரா நான் போட்டுடறேன். இந்த பீம் இன்னாத்துக்கு இவ்ளோ ஆழம்னு மட்டும் சொல்லுங்க."

செகண்ட் இயர் முடியறதுக்குள்ள அந்த லைப்ரரியை வரைஞ்சுட்டா. யாரும் கேக்காத தீசிஸ். படிக்கற ரூம், குழந்தைங்களுக்குத் தனி ரூம், மீட்டிங் ஹால், கேன்டீன்... இனிமே வரைய வாய்ப்பே வராதுன்னு நினைச்ச அத்தனையையும் அந்த ஒரு கட்டடத்துக்குள்ள அடைச்சு வெச்சிருந்தா. பாத்துட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு.

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவுல பொண்ணு பாக்க வந்தாங்க. மண்ணாடிப்பட்டு பக்கம், நல்ல வசதி. நான் துணைக்குப் போயிருந்தேன்.

மாப்பிள்ளையோட அப்பா உக்காந்ததுலேர்ந்து புதுசா கட்டின மாடி வீட்டைப் பத்தியே பேசினார். "மேல் தளம் போட்டாச்சு. பொண்ணு வந்ததும் பால் காய்ச்சிட வேண்டியதுதான்."

காபித் தட்டோட நின்ன இவ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா... "தளத்துக்கு வாட்டம் எந்தப் பக்கம் குடுத்தீங்க மாமா? மழைத்தண்ணி ஓடறதுக்கு?"

"வாட்டமா? கோலிய வெச்சாகூட உருளாதும்மா, அவ்ளோ சமமா கீது." மனுஷனுக்கு ஒரே பெருமை.

"அய்யய்யோ, தண்ணி நின்னுக்குமே. ஐப்பசி மழைக்கு ஒழுவுமே மாமா!"

இன்னும் பால்கூட காய்ச்சாத வீடு. பொண்ணு பாக்க வந்த நல்ல நேரம். ஒழுகும்னு சொல்லிட்டா மகராசி.

மாப்பிள்ளையோட அம்மா காபியைக் கீழே வெச்சுட்டாங்க. மறுநாள் தரகர் வந்து சேதி சொன்னார். கால் வெக்கறதுக்கு முந்தியே வூடு ஒழுவும்னு சொல்ற பொண்ணு அவங்களுக்கு வேணாமாம்.

வேணும்னே செஞ்சியாடின்னு கேட்டேன். "சத்தியமா இல்லடி. சமமா கீதுன்னாரா, எனக்கு பயமாய்டுச்சு." நான் நம்பறேன். அவ அப்படித்தான்.

சேதி எல்லா ஊருக்கும் பரவி, அந்த லீவு முழுக்க ஒருத்தரும் பொண்ணு கேட்டு வரலை. அவ நைனா கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசலை. காலேஜ் திறக்கற நேரத்துல, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டே சொன்னாராம். "போ. போயி முழுசா முடிச்சிட்டு வா. இனிமே எவன் வரப் போறான்?"

ஹாஸ்டலுக்கு வந்து கட்டில்ல உக்காந்து அழுதா. சந்தோஷத்துல அழறான்னு நினைச்சேன்.

"இன்னும் ரெண்டு வருசம் கீதே வாசுகி... இன்னாடி பண்றது? எல்லாத்தையும் முடிச்சிட்டேனே."

அந்த ரெண்டு வருஷத்தை எப்படிச் சொல்ல... ஒரு கோடு போடுவா, ஜன்னல் வழியா மேகத்தைப் பாப்பா, டீ குடிக்கப் போவா. திரும்பி வந்து அந்தக் கோட்டையே பிளேடால சுரண்டி எடுப்பா. பீச்சுல ஈர மணல்ல விரலால ரூம் ரூமா வரைவா, அலை வந்து அழிச்சா சிரிப்பா. அவ்வளவு நிம்மதியா ஒரு ஆளை நான் அப்புறம் பாத்ததே இல்லை.

தீசிஸுக்கு மறுபடியும் அதே ஏரிக்கரை லைப்ரரி. ஆனா இந்தத் தடவை ஒரே ஒரு ரூம். மிச்சமெல்லாம் தண்ணி வரைக்கும் இறங்கற அகலமான படி, நடுவுல மரம்.

"லைப்ரரி எங்கம்மா?"ன்னு கேட்டார் எக்ஸாமினர்.

"உள்ள இருக்குது சார். மெதுவா போலாம், யார் விரட்டறாங்க?"

பாஸ் போட்டுட்டாங்க.

அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைங்க எல்லாம் நடந்தது. அவ கட்டிக்கிட்ட மாப்பிள்ளையோடது ஓட்டு வீடு, அதனால பிரச்சனையே வரலை... லைப்ரரியை மட்டும் யாரும் கட்டலை.

நாளைக்குக் காலையில பாகூர்ல எடுக்கறாங்க. நான் கிளம்பறேன்.

அவளுக்கு இன்னும் கொஞ்ச வருஷம் கிடைச்சிருக்கலாம். கிடைச்சா என்ன பண்றதுன்னு இந்தத் தடவை அவ கேட்டிருக்க மாட்டா.

போய் வாடி கலா.