நிமிர்த்தி வைத்த துண்டு

ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடமாகச் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்துச் சீவித் தருபவரை எல்லோரும் மெழுகக்கா என்றே கூப்பிட்டார்கள். அன்று வந்தது, சந்தையில் ஏலம் கூவுகிறவரின் குரல்வளையில் எடுத்த துண்டு. அரை அரிசி அளவு.

"கேன்சர் உள்ள எறங்கிடுச்சுக்கா. குரல்வளையை எடுக்க வேண்டியதுதான்," என்றார் டாக்டர்.

தான் சீவித் தந்ததை அக்காவும் நுண்ணோக்கியில் பார்த்தார். எபிதீலியம் என்கிற மேற்படலத்தின் செல்கள் அடுக்கடுக்காக ஒரு மெல்லிய சவ்வின்மேல் உட்கார்ந்திருக்கும். கேன்சர் அந்தச் சவ்வைத் தாண்டினால்தான் ஆபத்து. இதிலோ அடுக்கும் தெரியவில்லை, சவ்வும் தெரியவில்லை.

"துண்டைப் படுக்க வச்சுட்டேன் டாக்டர், கத்தி அடுக்குக்குக் குறுக்க போகாம மேலாகவே சீவிடுச்சு. தப்பு என்னோடது. நிமித்தி வச்சுச் சீவித் தரேன்."

"முப்பத்தொரு வருஷத்துல முதல் தப்பா?"

"ரெண்டாவது. முதல் தப்பைத் தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன், காட்டவா?"

மெழுகை உருக்கி, துண்டை இடுக்கியால் செங்குத்தாக நிறுத்தி, உறைந்ததும் சீவிச் சாயமேற்றினார். செல்களுக்கு அடியில் சவ்வு ஓரிடத்திலும் அறுபடாமல் ஓடியது.

"மேலாகச் சுரண்டினா போதும்க்கா!" டாக்டர் கூவியேவிட்டார்.

மூன்றாம் மாதம், சந்தை வாசலிலேயே அக்காவை ஒரு குரல் நிறுத்தியது. "ஒரு தரம்! ரெண்டு தரம்!" மூன்றாவது தரத்தையும் கேட்ட பிறகே அவர் காய் வாங்கப் போனார்.